தண்ணீர் தேடிப் போனவன்: பழைய ஃபால்அவுட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024-இல் ஃபால்அவுட் என்ற பெயரில் தொடர் வந்ததிலிருந்து என்னிடம் ஒரே மாதிரிக் கேள்விகள் வருகின்றன. அக்கா பிள்ளைகள் கேட்கிறார்கள். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன்கள் கேட்கிறார்கள். மும்பை சயான் கோலிவாடாவில் எங்களோடு ஒரே சாலில் (ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருக்கும் கட்டடம்) வளர்ந்து, இப்போது பன்வெல், கல்யாண் என்று பிரிந்து போன நண்பர்கள் போன் போட்டுக் கேட்கிறார்கள். "நீ விடியக்காலம் முழிச்சு ஆடுவியே, அதுதானே இது?" ஆமாம், அதேதான். ஆளாளுக்குத் தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இங்கே பேசுவதெல்லாம் 1997 அக்டோபரில் வந்த முதல் ஃபால்அவுட் கணினி விளையாட்டைப் பற்றித்தான். பின்னால் வந்தவற்றைத் தேவைப்படும் இடத்தில் தொட்டுவிட்டுப் போகிறேன்.

கதை என்ன?

வீட்டில் தண்ணீர் தீரப்போகிறது, போய்க் கொண்டு வா. அவ்வளவுதான் கதை.

விரித்துச் சொன்னால் இப்படி: 2077 அக்டோபர் 23 அன்று நடக்கும் அணுகுண்டுப் போரில் உலகம் எரிந்துவிடுகிறது. தெற்குக் கலிஃபோர்னியாவில் ஒரு மலையைக் குடைந்து கட்டிய பதுங்குமிடத்தில் கொஞ்சம் பேர் பிழைத்திருக்கிறார்கள். அதன் பெயர் வால்ட் 13. பல தலைமுறைகளாக அந்தக் கதவுக்குள்ளேயே பிறந்து, அங்கேயே வாழ்ந்து, அங்கேயே இறக்கிறார்கள். 2161 டிசம்பரில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் வாட்டர் சிப் கெட்டுப்போகிறது. மாற்றுச் சிப் கையில் இல்லை. வால்ட்டை நிர்வகிக்கும் ஓவர்சியர் உங்களைக் கூப்பிட்டு, வெளியே போய் ஒரு சிப்பைத் தேடிக் கொண்டுவரச் சொல்கிறார். 150 நாள் கெடு. பெரிய இரும்புக் கதவு உங்களுக்குப் பின்னால் மூடிக்கொள்கிறது. கதவுக்கு வெளியே முதலில் கண்ணில் படுவது, அதே வால்ட்டின் நீல உடுப்போடு கிடக்கும் ஒரு எலும்புக்கூடு. உங்களுக்கு முன்னால் அனுப்பப்பட்டவன்.

அரக்கனைக் கொல், இளவரசியை மீட்டு வா, உலகத்தைக் காப்பாற்று என்று தொடங்கும் விளையாட்டுகள் அதற்கு முன்னும் எவ்வளவோ உண்டு. இது தண்ணீரில் தொடங்கியது. பதினைந்து வயதில் என்னைப் பிடித்து உட்காரவைத்தது அதுதான்.

உங்களுக்கு எங்கே கிடைத்தது?

1999. என் மாமா லேமிங்டன் ரோட்டில் கணினி அசெம்பிள் செய்யும் கடையில் வேலை பார்த்தார். கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் வருமே, அந்தத் தெரு. யாரோ வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போன பென்டியம் 166 ஒன்றைச் சரிசெய்து, 32 எம்பி ரேம் போட்டு, "படிப்புக்கு ஆகும்" என்று எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தார். ஃபால்அவுட் பென்டியம் 90-இலேயே ஓடும் என்பதால் எங்களுக்கு அது ராஜபோகம். சிடி அதே தெருவின் நடைபாதையில் வாங்கிய நகல். அட்டை இல்லை, கையேடு இல்லை. அன்றைக்கு எங்களைப் போன்றவர்களுக்கு வேறு வழி தெரியாது. சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு முறையாகக் காசு கொடுத்து வாங்கினேன். அசல் பெட்டியில் ஸ்பைரல் கட்டுப் போட்ட கையேடு இருந்ததும், அதன் கடைசியில் சமையல் குறிப்புகள்கூட இருந்ததும் அப்போதுதான் தெரிந்தது.

எங்கள் வீடு ஒரே அறை, மும்பைத் தமிழில் சொன்னால் ஒரு கோலி. எல்லோரும் படுத்தால் தரை நிறைந்துவிடும். தண்ணீர் விடியற்காலை ஐந்து மணி வாக்கில் வரும், ஏழுக்குள் நின்றுவிடும். சில நாள் நாலரைக்கே வந்துவிடும் என்பதால் வீட்டில் யாராவது ஒருவர் முழித்திருக்க வேண்டும். அக்கா பன்னிரண்டாம் வகுப்பு, அப்பாவுக்குத் துறைமுகத்தில் சுமை வேலை, அம்மா பகல் முழுக்க நிற்கிறவள். எனவே காவல் என் தலையில். மூன்றரை மணிக்கு எழுந்து, மானிட்டருக்குப் பின்னால் போர்வையைத் தொங்கவிட்டு வெளிச்சத்தை மறைத்து, சத்தத்தைக் குறைத்து வைத்து ஆடுவேன். மார்க் மார்கன் இசையமைத்தது. பாட்டு மாதிரி இருக்காது, இரும்புக் குழாய்க்குள் காற்று இரைகிற மாதிரி ஓர் ஓசை. எங்கள் குழாயிலும் தண்ணீர் வருவதற்கு முன்னால் அப்படித்தான் காற்று இரையும். எது கணினியிலிருந்து வருகிறது, எது குழாயிலிருந்து வருகிறது என்று தெரியாமல் பலமுறை எழுந்து போய்க் குழாயடியில் கை வைத்துப் பார்த்திருக்கிறேன்.

அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு எழுந்து வருவாள். "என்னல தேடுத?" என்று கேட்டாள், முதல் வாரம். "தண்ணிம்மா" என்றேன். அதற்கப்புறம் தினமும் அவள் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: "கெடச்சுதால?"

அந்த 150 நாள் உண்மையிலேயே ஓடுமா? இல்லை, கதைக்காகச் சொல்வதா?

உண்மையிலேயே ஓடும். வரைபடத்தில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு நடந்தால் நாட்கள் கழியும். காயம் ஆற ஓய்வெடுத்தால் கழியும். இடையிடையே வால்ட்டின் நிலைமையைக் காட்டும் சின்னப் படங்கள் வரும். கெடு முடிந்து சிப் கிடைக்காவிட்டால் வால்ட்டில் எல்லோரும் தாகத்தில் செத்துக் கிடப்பதைக் காட்டி விளையாட்டு முடிந்துவிடும். முதல் முறை எனக்கு அப்படித்தான் முடிந்தது. அன்று பள்ளிக்கூடம் போகப் பிடிக்கவில்லை.

ஒரு சலுகை உண்டு. ஹப் என்ற வணிக நகரத்தில் தண்ணீர் வியாபாரிகள் இருக்கிறார்கள். காசு கொடுத்தால் வால்ட் 13-க்கு வண்டியில் தண்ணீர் அனுப்புவார்கள். கெடு 100 நாள் நீளும். மும்பையில் டேங்கர் வாங்குவது மாதிரிதான். ஆனால் அந்த வண்டித் தடத்தைப் பிடித்துக்கொண்டு எதிரிகள் வால்ட்டைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். சிப்பைக் கொண்டுவந்த பிறகும் 500 நாள் என்று இன்னொரு கெடு இருந்தது, தண்ணீர் வண்டி அனுப்பியிருந்தால் அது 400 ஆகும். திருத்தப்பட்ட பதிப்பில் இந்த இரண்டாவது கெடுவை 13 வருடமாக நீட்டி, இல்லாத மாதிரியே ஆக்கிவிட்டார்கள். 150 நாளைத் தொடவில்லை. நல்லவேளை.

நிறையப் பேருக்கு இந்தக் கெடு பிடிக்காது, "நிதானமாகச் சுத்திப் பார்க்க விடவில்லையே" என்பார்கள். எனக்கு அதுதான் விளையாட்டின் உயிர். ஜூன் மாதம் மழை தாமதமானால் மும்பைக்குத் தண்ணீர் தரும் ஏழு ஏரிகளின் அளவும் பத்திரிகையில் வரும்: மேல் வைத்தரணா, நடு வைத்தரணா, மோடக் சாகர், தான்சா, பாத்சா, விஹார், துளசி. (நடு வைத்தரணா அணை 2014-இல் வந்தது, எங்கள் காலத்தில் ஆறுதான்.) அப்பா அதை வாசித்து, இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று வாய்விட்டுக் கணக்குப் போடுவார். கணக்கு வைத்துத் தண்ணீர் குடிக்கிற வீட்டில் பிறந்தவனுக்கு 150 என்ற எண் பயமுறுத்தல் கிடையாது. பழக்கப்பட்ட விஷயம்.

எப்படி ஆடுவது? சண்டை கஷ்டமா?

மேலிருந்து கோணலாகப் பார்க்கிற படம். தரை முழுதும் அறுகோணக் கட்டங்கள். சும்மா நடக்கும்போது நேரம் இயல்பாக ஓடும், சண்டை வந்தால் மட்டும் முறை வைத்து ஆட வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் இத்தனை ஆக்‌ஷன் பாயிண்ட் என்று கணக்கு உண்டு. ஓர் அடி வைக்க ஒன்று, சுடுவதற்கு இத்தனை, பையைத் திறக்க இத்தனை. ஆடுபுலி ஆட்டம் ஆடத் தெரிந்தவர்களுக்கு உடனே பிடிபட்டுவிடும். கண்ணைக் குறிபார்த்துச் சுடலாம், காலைக் குறிபார்த்துச் சுடலாம். வலது சொடுக்கில் கையின் குறி மாறும். அதைத் தெரிந்துகொள்ளாமல் முதல் நாள் முழுக்க வால்ட் வாசல் எலிகளிடம் கடி வாங்கினேன்.

எப்படிப்பட்ட ஆளை உருவாக்குவது?

வலிமை, கூர்நோக்கு, தாங்குதிறன், கவர்ச்சி, அறிவு, சுறுசுறுப்பு, அதிர்ஷ்டம் என்று ஏழு குணங்கள். எல்லாம் ஐந்தில் தொடங்கும், பிரித்துக் கொடுக்க மேலும் ஐந்து புள்ளி. என் யோசனை: சுறுசுறுப்பைப் பத்துக்கு ஏற்றுங்கள், ஒரு முறைக்குப் பத்து ஆக்‌ஷன் பாயிண்ட் கிடைக்கும். அறிவை ஏழுக்குக் கீழே விடாதீர்கள். கிஃப்டட் என்ற இயல்பை எடுத்தால் ஏழு குணமும் ஒவ்வொரு புள்ளி கூடும். 18 திறமைகளில் மூன்றை உங்களுடையதாக்கிக்கொள்ளலாம், சிறு துப்பாக்கியும் பேச்சும் கட்டாயம். மூன்றாவது உங்கள் இஷ்டம், நான் பூட்டுத் திறப்பதை எடுப்பேன்.

அறிவை மூன்று அல்லது அதற்குக் கீழே வைத்தால் உங்கள் ஆளுக்குப் பேசவே வராது, உறுமல்தான். எதிரில் இருப்பவர்கள் பரிதாபப்படுவார்கள், ஏமாற்றுவார்கள், விரட்டுவார்கள். முழு விளையாட்டையும் அப்படியே ஆடி முடிக்கவும் முடியும். ஒருவருக்குப் பேச்சு வராவிட்டால் உலகம் அவரை எப்படி நடத்தும் என்பதையும் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். இரண்டாவதோ மூன்றாவதோ சுற்றில் ஒருமுறை ஆடிப் பாருங்கள்.

ஷேடி சாண்ட்ஸ் தலைவர் அராதேஷ் இந்தியரா?

இந்தக் கேள்வியைக் கேட்காத தமிழரே இல்லை. ஷேடி சாண்ட்ஸ், வழியில் வரும் முதல் ஊர். மண்சுவர் வீடுகள், நடுவில் கிணறு, சோளக்கொல்லை. தலைவர் பெயர் அராதேஷ், மகள் பெயர் டாண்டி. அராதேஷ் பேச்சுக்குப் பேச்சு தர்மா என்று ஒருவரை மேற்கோள் காட்டுவார். ஆங்கிலத்தில்தான் பேசுகிறார், இழுப்பு மட்டும் கொஞ்சம் நம் பக்கத்தது. குரல் கொடுத்தவர் டோனி ஷலூப் என்ற அமெரிக்க நடிகர். முக்கியமான பாத்திரங்கள் பேசும்போது முகம் பெரிதாக வருமே, அவற்றைக் களிமண்ணில் சிலையாகச் செய்து, அதிலிருந்து கணினிக்குக் கொண்டுபோனார்கள். அராதேஷ் நெற்றியைச் சுருக்கும்போது பாருங்கள், மண்ணில் கைபட்டுச் செய்த சுருக்கம் அது.

அவர் எந்த நாட்டுக்காரர் என்று விளையாட்டு எங்கேயும் சொல்லவில்லை. அந்த ஊர்க்காரர்கள் வால்ட் 15-இலிருந்து வெளியேறி வந்தவர்கள். பல நாட்டுக்காரர்களை வேண்டுமென்றே ஒன்றாகப் போட்டு அடைத்த வால்ட் அது என்பது பின்னால் விரித்துச் சொல்லப்பட்டது. தாராவியின் 90 அடி ரோட்டில் நடந்தவர்களுக்கு அந்த ஊர் புதிதாகத் தெரியாது.

மாட்டுக்கு ஏன் அந்தப் பெயர்?

கதிர்வீச்சில் இரட்டைத் தலையோடு பிறக்கும் மாடுகளை விளையாட்டில் 'பிராமின்' என்று சொல்வார்கள். இது அமெரிக்கப் பண்ணைகளில் வளர்க்கப்படும் 'பிரஹ்மன்' என்ற திமில் மாட்டு இனத்திலிருந்து வந்த சொல். அந்த இனமே கீர், காங்கிரேஜ், ஓங்கோல் போன்ற இந்திய மாடுகளைக் கொண்டுபோய்க் கலந்து உண்டாக்கியது. ஆக அந்தப் பாலைவனத்தில் நிற்கிற மாட்டின் பாட்டன் பூட்டன் நம் பக்கத்துக்காரர்கள். 2008-இல் மூன்றாவது ஃபால்அவுட் வந்தபோது, பண்பாட்டு உணர்வுகளைக் காரணம் காட்டி எக்ஸ்பாக்ஸ் பதிப்பை மைக்ரோசாஃப்ட் இந்தியாவில் வெளியிடவில்லை. மாட்டின் பெயர்தான் காரணம் என்று அப்போது பரவலாகப் பேசிக்கொண்டார்கள்.

வாட்டர் சிப் எங்கே இருக்கிறது?

நீங்களே தேட விரும்பினால் இந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடுங்கள். இதில் மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த விளையாட்டை நான் நேசிப்பதற்குக் காரணமே இந்த இடம்தான்.

சிப் இருப்பது நெக்ரோபொலிஸில். பேக்கர்ஸ்ஃபீல்ட் நகரத்தின் இடிபாடு அது. அதன் அடியில் வால்ட் 12. அந்த வால்ட்டின் கதவு சரியாக மூடவில்லை, உள்ளே இருந்தவர்கள் கதிர்வீச்சில் வெந்து, சாகாமல், தோல் உரிந்த உருவத்தோடு பல பத்தாண்டுகளாக வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். கூல் என்று பெயர். அவர்களுக்கும் அந்தச் சிப்தான் தண்ணீர் தருகிறது.

அதாவது, நீங்கள் தேடி வந்த பொருள் இருக்கிறது. கை நீட்டினால் எடுத்துக்கொள்ளலாம். எடுத்தால் உங்கள் வீட்டார் பிழைப்பார்கள், இவர்கள் தாகத்தில் சாவார்கள். விளையாட்டு உங்களைத் தடுக்காது. எச்சரிக்கைப் பலகை எதுவும் வைக்காது. எடுத்துக்கொண்டு நடந்தால் நடக்க விடும்.

நான் எடுக்கப் போனேன். கெடுவில் நிறைய நாட்கள் கழிந்திருந்தன, கையில் நேரம் இல்லை. அம்மா குடத்தோடு பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "கெடச்சுட்டும்மா" என்று திரும்பினேன். "யாருதுல அது?" என்றாள். விவரம் சொன்னேன். அந்த மாதம் எங்கள் சாலில் பெரிய சண்டை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் குழாயோடு நேராக மோட்டார் மாட்டிவிட்டார்கள். அவர்கள் போட்டால் வரிசையில் மற்றவர்களுக்குச் சொட்டுத்தான். மூன்று நாள் நாங்கள் இரண்டு குடத்தில் ஓட்டினோம். அம்மா திரையை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அவிய தண்ணியப் புடுங்கிட்டு வந்தா நாம நல்லாருப்பமாலே? வேற வழி இருக்கும், தேடு."

இருந்தது. சாக்கடைக்குள்ளே ஒதுங்கி வாழும் கூல்கள் சிலர் இருக்கிறார்கள். சாந்தமானவர்கள். மேலே ஒரு பழைய தண்ணீர் பம்ப் கெட்டுக் கிடக்கிறது, அதைச் சரிசெய்து கொடுத்தால் எங்களுக்குச் சிப் தேவைப்படாது, எடுத்துக்கொண்டு போ என்கிறார்கள். உதிரி பாகங்கள் சாக்கடையிலேயே கிடக்கும். பொறுக்கிக் கொண்டுவந்து, பழுதுபார்க்கும் திறமையைப் பயன்படுத்தினால் பம்ப் ஓடும். எனக்குப் பலமுறை தவறியது. கடைசியில் ஓடியது. சிப்பை எடுத்துக்கொண்டு 13-க்குத் திரும்பியபோது கெடுவில் இரண்டு நாள் மிச்சம்.

அம்மா ஒருநாளும் மௌஸைத் தொட்டதில்லை. ஆனால் என் முதல் ஃபால்அவுட்டின் மிகப் பெரிய முடிவை எடுத்தது அவள்தான். இன்றுவரை பம்பைச் சரிசெய்யாமல் நான் சிப்பை எடுத்ததில்லை.

இயனைக் கூட்டிப் போகலாமா?

ஷேடி சாண்ட்ஸ் வாசல் பக்கம் இருப்பவன். நூறு கேப் (பாட்டில் மூடி, அங்கே அதுதான் காசு) கொடுத்தால் வருவான், பேச்சுத் திறமை இருந்தால் இனாமாகவும் வருவான். நல்ல துணை. ஆனால் அவன் கையில் சரமாரியாகச் சுடும் துப்பாக்கியைக் கொடுக்காதீர்கள். குறுக்கே நீங்கள் நின்றாலும் சுடுவான்.

யாரையும் சுடாமல் பேசியே முடிக்க முடியுமா?

ஏறக்குறைய முடியும். கடைசி எதிரியைக்கூட. மாஸ்டர் என்று ஓர் உருவம், பல குரல்களில் பேசுகிறது. மனிதர்களை எல்லாம் ஒரு திரவத்தில் முக்கி, சூப்பர் மியூட்டன்ட் என்ற ஒரே இனமாக்கிவிட்டால் சண்டையே இருக்காது என்று உண்மையாகவே நம்புகிறது. அதைச் சுட்டுக் கொல்லலாம், அடியில் இருக்கும் அணுகுண்டை வெடிக்க வைக்கலாம். மூன்றாவது வழி: அந்தப் புது இனத்துக்குப் பிள்ளை பிறக்காது என்ற ஆராய்ச்சிக் குறிப்பை பிரதர்ஹுட் என்ற ஆயுதக் குழுவில் இருக்கும் வ்ரீ என்ற பெண்ணிடம் வாங்கிக்கொண்டுபோய் மாஸ்டர் முன்னால் வைப்பது. தான் செய்ததெல்லாம் வீண் என்று அது புரிந்துகொள்கிறது. அதன் குரல் உடைகிறது. தன் முடிவைத் தானே தேடிக்கொள்கிறது. அந்தப் பேச்சின் ஒவ்வொரு வரியையும் அகராதி வைத்துப் படித்தேன், அதனால் இன்னும் மறக்கவில்லை.

அகராதியா? ஆங்கிலம் தெரியாமல் எப்படி ஆடினீர்கள்?

ஏழாவது வரை மாநகராட்சியின் தமிழ் வழிப் பள்ளி. இந்தியும் மராத்தியும் தெருவில் வந்துவிட்டன, ஆங்கிலம் வரவில்லை. ஃபால்அவுட்டில் எழுத்து அதிகம். எதைப் பார்த்தாலும் இடது ஓரப் பெட்டியில் பச்சை எழுத்தில் விவரம் வரும். அக்காவின் ஆங்கில-தமிழ் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகத் தேடினேன். கடைசிப் பக்கங்கள் கிழிந்த நோட்டு ஒன்றில் எழுதி வைத்தேன். 'ஸ்கேவஞ்சர்', 'கேரவன்', 'ஸ்டெரைல்' எல்லாம் பாடப் புத்தகத்துக்கு முன்னால் எனக்கு அங்கே கிடைத்த சொற்கள். கல்லூரிக்குப் போனபோது என் ஆங்கிலத்தைக் கேட்டு, எந்த கான்வென்ட் என்று ஒரு ஆசிரியை கேட்டார். கணினியில் ஒரு விளையாட்டிலிருந்து என்று பெருமையாகவே சொன்னேன்.

யார் செய்தது?

இன்டர்பிளே நிறுவனம். 1994-இல் டிம் கேன் என்ற நிரலாளர் ஏறக்குறைய ஒற்றை ஆளாகத் தொடங்கினார். பிறகு லெனார்ட் போயார்ஸ்கி, ஜேசன் ஆண்டர்சன், கிறிஸ் டெய்லர் என்று ஆட்கள் சேர்ந்தார்கள். அதே நிறுவனம் உருவாக்கி 1988-இல் வந்த வேஸ்ட்லேண்ட் என்ற விளையாட்டின் வழியில் வந்தது இது. முதலில் கர்ப்ஸ் என்ற மேசை விளையாட்டின் விதிமுறைகளை உரிமம் வாங்கிப் பயன்படுத்தினார்கள். அந்த ஒப்பந்தம் 1997-இல் முறிந்தது, அவசரமாகச் சொந்த விதிமுறை எழுத வேண்டியதாயிற்று. மேலே சொன்ன ஏழு குணக் கணக்கு அப்படிப் பிறந்ததுதான். நெருக்கடியில் எழுதியது, இன்றுவரை ஃபால்அவுட் விளையாட்டுகளில் நிற்கிறது.

முடிவு ஏன் அவ்வளவு வருத்தமாக இருக்கிறது?

இதுவும் முடிவைச் சொல்லும் பதில். தெரிய வேண்டாம் என்றால் அடுத்ததற்குப் போங்கள்.

எல்லாம் முடித்து வால்ட் 13 வாசலுக்குத் திரும்புகிறீர்கள். ஓவர்சியர் வெளியே வந்து நிற்கிறார். எங்களைக் காப்பாற்றிவிட்டாய் என்கிறார். ஆனால் நீ உள்ளே வந்தால் இளவட்டங்கள் உன்னைப் பார்த்துவிட்டு வெளியே போக ஆசைப்படுவார்கள், வால்ட் நிலைக்காது, ஆகவே நீ போய்விடு என்கிறார். கதவு மூடுகிறது. நீல உடுப்புக்காரன் முதுகைக் காட்டிக்கொண்டு பாலைவனத்துக்குள் நடக்கிறான். 1940-களின் பழைய அமெரிக்கப் பாட்டு ஒன்று ஒலிக்கிறது.

நான் அழுதேன். அன்று ஞாயிறு, அப்பா வீட்டில் இருந்தார். "ஊருக்குள்ள விடலையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அப்பா 1974-இல் பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்தவர். ஊரில் கிணறு வற்றியபோது போர்வெல் போடுவதற்கு இங்கிருந்து வட்டிக்கு வாங்கிப் பணம் அனுப்பினார். தண்ணீர் வந்தது. விடுமுறைக்கு ஊருக்குப் போனால் அந்தத் தண்ணீரைச் செம்பில் மொண்டு கொடுத்து, "பம்பாய்க்காரர் எப்ப வந்தீய, எப்பப் போறீய?" என்று கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்பார்கள். அப்பா கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டு இருந்தார். "அவன் எங்க போவான்?" என்றார். எனக்கு அப்போது பதில் தெரியாது.

பதில் 1998-இல் வந்த இரண்டாவது ஃபால்அவுட்டில் இருந்தது. சிடி எங்களுக்கு ஒரு வருடம் கழித்துத்தான் கிடைத்தது. அவன் வடக்கே போய் அரோயோ என்ற கிராமத்தை உண்டாக்கியிருக்கிறான். அவனைப் பின்பற்றி வால்ட்டிலிருந்து வந்தவர்களும் அங்கே இருந்தார்கள். அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அப்ப சரி" என்றார்.

இப்போது எங்கே வாங்கலாம்? போனில் ஓடுமா?

ஜிஓஜி தளத்திலும் ஸ்டீமிலும் இருக்கிறது. தள்ளுபடி சமயத்தில் ஒரு சினிமா டிக்கெட்டைவிடக் குறைவு. ஜிஓஜியில் வாங்கினால் கையேடும் சேர்ந்து கிடைக்கும், முதலில் அதைப் படியுங்கள். ஃபால்அவுட் கம்யூனிட்டி எடிஷன் என்று ஆர்வலர்கள் செய்த மறு உருவாக்கம் ஒன்று இருக்கிறது. நீங்கள் வாங்கிய விளையாட்டின் கோப்புகளை அதில் போட்டால் ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஓடும். ஹார்பர் லைன் ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் நானே ஆடுவதுண்டு.

மூன்றும் நான்கும் ஆடிவிட்டேன். பழையதை ஆட வேண்டுமா?

வேண்டும். பெத்தெஸ்டா நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த மூன்றாவதிலிருந்து விளையாட்டு நம் ஆளின் கண்வழியே போகிறது. ஊர்கள் பெரியவை, சுற்றிப் பார்க்க நிறைய இருக்கிறது. முதலாவது சின்னது, இருபது மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் அதில் சும்மா வைத்த ஊர் ஒன்றுகூட இல்லை. கடைசியில் ஒவ்வோர் ஊருக்கும் உங்களால் என்ன ஆயிற்று என்று தனித்தனியாகச் சொல்வார்கள். தொடரில் ஷேடி சாண்ட்ஸ் பெயரைக் கேட்டவர்கள், அது முப்பது நாற்பது பேர் கிணற்றைச் சுற்றி வாழ்ந்த ஊராக இருந்த காலத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

பதினாறுக்குக் கீழே வேண்டாம். ரத்தம், போதைப் பொருள், ஆள் கடத்தல் எல்லாம் வரும். அக்கா மகனுக்குப் பதினேழு ஆனபின் நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆடவைத்தேன்.

டாக்மீட் சாகாமல் காப்பாற்ற வழி உண்டா?

ஜங்டவுன் என்ற ஊரில் ஒரு வீட்டு வாசலில் நிற்கும் நாய். தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு போனாலோ, குச்சியில் சுட்ட உடும்புக்கறி கொடுத்தாலோ பின்னால் வந்துவிடும். மரிபோசா ராணுவத் தளத்துக்குள் மின்வேலிகள் இருக்கும், அவசரத்தில் ஓடி மோதிச் செத்துவிடும். இரண்டாவது பாகத்தின் கையேடும் அது அப்படித்தான் இறந்தது என்று பதிவு செய்கிறது. ஆனால் பொறுமை இருந்தால் தப்பிக்க வைக்கலாம். வேலிகளை ஒவ்வொன்றாக அணைத்த பிறகே அடுத்த அறைக்கு நகருங்கள், எதிரி கண்ணில் பட்டால் பின்வாங்கி இந்தப் பக்கத்துக்கு இழுத்துச் சண்டை போடுங்கள். எனக்கு ஆறாவது முயற்சியில் பிழைத்தது.

முதல்முறை ஆடப்போகிறவனுக்கு ஒரே ஒரு யோசனை?

கயிறு. ஓவர்சியர் முதலில் உங்களை அனுப்புவது வால்ட் 15-க்கு. அங்கே லிஃப்ட் ஓடாது, லிஃப்ட் குழிக்குள் கயிறு கட்டித்தான் இறங்க வேண்டும். ஷேடி சாண்ட்ஸிலேயே கயிறு கிடைக்கும், விசாரித்து எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். நான் வெறுங்கையோடு போய், இறங்க முடியாமல் திரும்பி நடந்து, கயிறு வாங்கிக்கொண்டு மறுபடியும் போனேன். போக வர ஆன நாட்களெல்லாம் அந்த 150-இல்தான் கழிந்தன.